குந்தாரப்பள்ளியில் ரயிலுக்கு ஆள் எண்ணியது

புதன்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு பேருந்தின் முதுகு. அதில் சிவப்பு எழுத்தில் 'கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் எழுப்பிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் நிருபர். எண்பதுகளின் கடைசி. "இந்த ஊர்க்காரர்கள் எதற்காக ரயில் ரயில் என்று மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா" என்று ஆசிரியர் அனுப்பினார். இரவு முழுக்க இரண்டு பேர் இருக்கையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்ததில் பாதிக் கட்டுரை அங்கேயே தயாராகிவிட்டது. மீதிக்காகத்தான் மூன்று நாள் தங்கினேன். பத்திரிகையில் வந்தது நாலு பத்தி. இங்கே எழுதுவது அதில் வராதது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில், என்ன வேண்டும் என்று சர்வர் கன்னடத்தில் கேட்டார். நான் விழித்தேன். தெலுங்கில் கேட்டார். அதற்கும் விழித்தேன். "ஊருக்குப் புதுசா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் இட்லி வைத்தார். சென்னையில் ஒரே மொழியில் மூன்று தடவை கேட்டால்தான் இட்லி வரும். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தது. கர்நாடக எல்லை இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வரைபடம் சொல்கிறது. சாம்பார் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் பார்க்கவேண்டியவர் ரஹமத்துல்லா. ரயில் கோரிக்கைக் குழுவின் செயலாளர். உரக்கடைக்கு மேலே ஒரு தட்டச்சுப் பள்ளி நடத்தினார். ஊரில் அவரை 'டைப் பாய்' என்றார்கள். ஐம்பது வயது, சலவைச் சட்டை, பையில் மூன்று பேனா. மனுப் போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மனுவை அவர் தனியாக உட்கார்ந்து அடிப்பதில்லை. மாணவர்களுக்குப் பயிற்சிப் பாடமாகவே கொடுத்துவிடுகிறார். மற்ற ஊர்களில் நாயைத் தாண்டும் நரியைப் பற்றி அடித்துப் பழகுவார்கள். கிருஷ்ணகிரியில் தட்டச்சுத் தேர்வில் தேறிய எல்லோரும் 'எங்கள் பகுதி மக்களின் நெடுநாளைய கோரிக்கையாகிய' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள்.

"ஒரு காலத்துல இங்க ரயில் இருந்துச்சு சார்," என்றார். "திருப்பத்தூர்ல இருந்து வரும். சின்ன ரயிலு. வெள்ளக்காரன் நஷ்டம்னு நிறுத்திட்டு தண்டவாளத்தயும் கழட்டிகினு போயிட்டான்."

"சுதந்திரத்துக்கு அப்புறம்?"

"அப்புறமும் நஷ்டம்னுதான் சொல்றாங்க. ஆனா கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன் ரயில்வேயின் கணக்கெடுப்பு ஒன்று நடந்திருக்கிறது. 'எதிர்பார்க்கத்தக்க பயணிகள் இல்லை' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். இப்போது இரண்டாவது கணக்கெடுப்பு. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஓர் அதிகாரி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்களிடம் படிவம் நிரப்பப் போகிறார். இந்த முறையும் அதே பதில் என்றால் கோப்பைக் கட்டி மேலே போட்டுவிடுவார்கள் என்று ரயில்வே அலுவலகத்தில் தெரிந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"நாள் முழுக்க நெடுஞ்சாலையில நில்லுங்க சார். பஸ்ஸுக்கு மேல ஆளு, லாரியில ஆளு, டிராக்டர்ல ஆளு. ஆள் இல்லன்னு எழுதறதுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?" என்றார். அது நியாயமான கேள்வியாகவே எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மாலையில் குழுக் கூட்டம். இடம், குழுத் தலைவர் கோவிந்தசாமியின் பேருந்துக் கொட்டகை. ஆமாம், ரயில் கேட்கும் குழுவுக்குத் தலைவர் பேருந்து முதலாளி. பேருந்துகளின் முதுகில் எழுதியதும் அவர் செலவு. மைக், பந்தல், நூறு பேருக்குப் போண்டா, எல்லாம் அவருடையதே.

"ரயில் வந்தால் உங்கள் வண்டிகளுக்கு நஷ்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"வரட்டும் சார். வந்தா மொத டிக்கெட்டு நான்தான் எடுப்பேன்," என்று சிரித்தார். பதினோரு வருட மனுக்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவரின் சிரிப்பு அது. அந்தக் கொட்டகையில் ரயில் வராது என்று உறுதியாக நம்பியவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அத்தனை தாராளம்.

பேச்சாளர்களில் ஓங்கி நின்றவர் மாதையன். மத்தூர்ப் பக்கத்துக்காரர், மாட்டுத் தரகர், தோளில் பச்சைத் துண்டு. மைக்கைப் பிடித்ததும் கொட்டகை அதிர்ந்தது.

"வாரத்துக்கு ரெண்டு தபா பெங்களூரு போறங்க! எதுல போறேன்? லாரியில! ஆட்டுக்கு நடுவுல ஆடா நின்னுகினு போறேன்! எறங்கறப்ப, இது எத்தினி பல்லுன்னு ஒருத்தன் என் வாயப் புடிச்சுப் பாத்துட்டான்!"

போண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பின்னால் இருந்து ஒருவர் தெலுங்கில் ஏதோ கத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். 'எத்தனை பல் என்று முடிவாயிற்று?' என்று கேட்டாராம். தக்காளி வியாபாரிகள், புளி வியாபாரிகள், பட்டுக்கூடு கொண்டு போகிறவர்கள் என்று எட்டுப் பேர் அடுத்தடுத்து எழுந்து, மாதத்துக்கு எத்தனை தடவை எல்லை தாண்டுகிறோம் என்று அடித்துச் சொன்னார்கள். ரஹமத்துல்லா ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். நானும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் எழுந்தேன். ரஹமத்துல்லாவின் மகள் ஷகிலா ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி. சின்னச் சின்ன மின் பாகங்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பொருத்தும் வேலை. ஆறு மணி ஷிப்டு. அதற்காக நாலே காலுக்கு ஒரு பேருந்து. நானும் ஏறிக்கொண்டேன்.

அது கம்பெனிப் பேருந்து அல்ல. தொழிலாளர்களே சேர்ந்து கோவிந்தசாமியிடம் மாத வாடகைக்குப் பேசிய வண்டி. கம்பெனிப் பேருந்து ஏன் இல்லை என்று கேட்டேன். ஷகிலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நாங்க ஓசூர்ல இருக்கோம் சார்," என்றாள்.

"இப்போது கிருஷ்ணகிரியில்தானே ஏறினீர்கள்?"

"கம்பெனிக் கணக்குல ஓசூர்ல இருக்கோம்."

பயிற்சித் தொழிலாளர்கள் ஓசூர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அப்போதுதான் நேரத்துக்கு வருவார்களாம். ஓசூரில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகை, பயிற்சிச் சம்பளத்தில் பாதி. ஆகவே இந்த வண்டியில் இருந்த ஐம்பத்துச் சொச்சம் பேரும் யாரோ ஒரு சிநேகிதரின் ஓசூர் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். ஷகிலா கொடுத்த முகவரியில் பதினாலு பேர் வசிப்பதாகக் கணக்கு. அந்த அறையில் ஒரு கட்டில் இருக்கிறது என்றாள். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு. கிருஷ்ணகிரியில் இருப்பது தெரிந்தால் முடிவு எளிதாகிவிடும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த முகவரி போட்ட வேல விண்ணப்பத்த டைப் அடிச்சதே அத்தாதான்."

சூளகிரியைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு போச்சு," என்று செய்தி வாசிப்பவர்போலச் சொன்னார். யாரும் கத்தவில்லை. எல்லோரும் இறங்கிச் சாலையோரத்தில் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள்: காலதாமத எச்சரிக்கை இரண்டு வாங்கியவர்களுக்கு முதல் லாரி, ஒன்று வாங்கியவர்களுக்கு அடுத்தது. ஷகிலாவுக்கு ஒன்று. ஒன்றும் வாங்காத நான், ஷகிலாவும் இன்னும் பதினேழு பேரும் ஏறிய தக்காளி லாரியில் இடம் பிடித்தேன். தக்காளிக் கூடைமேல் உட்காராதே என்று கிளீனர் கன்னடத்தில் வைதார். மாநிலத்தின் தொழில் வளர்ச்சி தக்காளிக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போயிற்று.

லாரியைத் தொழிற்சாலைக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். வழக்கமாகப் பேருந்தையும் அங்கேதான் நிறுத்துவார்களாம். வாசல் காவலாளி பார்த்துவிடக் கூடாது. ஓர் இளைஞன் சட்டையில் ஒட்டிய தக்காளித் தோலைச் சுரண்டினான். பெண்கள் கைப்பையிலிருந்து பவுடர் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். பிறகு, பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறவர்களைப்போல நிதானமாக நடந்தார்கள். அந்த நிதானத்தில் ஆறு நிமிடம் தாமதமாகிவிட்டது.

ஓசூரில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஊர் ஜில்லென்று இருந்தது. ரயில் நிலையத்தைப் பார்த்து வந்தேன். இருக்கிறது. மீட்டர் கேஜ் தண்டவாளம், சுத்தமான நடைமேடை, படுத்திருந்த ஒரு நாய். ரயில் தருமபுரி வழியாகச் சேலம் போகிறது. கிருஷ்ணகிரி மட்டும் வழியில் இல்லை. சென்னையில் பத்து நிமிடம் மின்சார ரயில் வரவில்லை என்றால் அரசாங்கத்தை வைவோம். இங்கே ஒரு ரயிலைத் தவறவிட்டால் மதியச் சாப்பாட்டை முடித்துத் தூங்கி எழலாம். நான் களி சாப்பிட்டேன். மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மென்றேன். பக்கத்து மேசைக்காரர் தட்டோடு திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டு ஷகிலா வந்தாள். காலதாமதப் புத்தகத்தில் இரண்டாவது எச்சரிக்கை.

"என்ன காரணம் எழுதினீர்கள்?"

"தூங்கிட்டேன்னு எழுதினேன். ஒரு கிலோமீட்டர்ல வீடு வச்சுகினு வேற என்ன எழுதறது? 'ராத்திரி சீக்கிரம் படும்மா'ன்னு சூப்பர்வைசர் சொன்னாரு," என்றாள். அன்று அவள் மூன்று மணிக்கு எழுந்தவள்.

வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளிச் சந்தை ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே கூடுகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் மாடு, ஆடு, கோழி, கயிறு, சாட்டை, மனிதர்கள் என்று சாலை அடைத்துக்கொண்டது. புளியமரத்தடியில் மேசை போட்டு, கணக்கெடுப்பு அதிகாரி தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், காக்கிக் கால்சட்டை, முன்னால் ஒரு கட்டுப் படிவம், அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல். பக்கத்தில் ஜீப். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று ரஹமத்துல்லா தானே நிரப்பித்தர முன்வந்தார். அவருக்கும் ஒரு முக்காலி போட்டார்கள்.

இங்கேதான் பதினோரு வருடமாக யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. எல்லை மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு ஜீப், ஒரு மேசை, ஒரு காகிதக் கட்டு, ஒரு காக்கிக் கால்சட்டை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பக்கத்து வியாபாரிக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். இருபது வருடம் சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பழகியவர்கள் அவர்கள். 'எங்கே போகிறாய், என்ன கொண்டு போகிறாய், எத்தனை தடவை' என்ற கேள்விகளுக்குப் பதில் அவர்களுக்கு மனப்பாடம்.

முதல் ஆள் புளி வியாபாரி. கூட்டத்தில் மாதம் ஆறு தடவை எல்லை தாண்டுவதாகப் பேசியவர்.

"பெங்களூர் போவீயளா?" என்றார் தேவசகாயம்.

"எங்கீங்க போறது? ஊட்லதான் இருக்கேன்."

"இந்த மூட்டை?"

"இதா? யாரோ வச்சுட்டுப் போயிருக்காங்க. எனக்குத் தெரியாதுங்க."

அடுத்தவர் பட்டுக்கூட்டுக்காரர். அவர் பெங்களூர் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார். தக்காளி வியாபாரி, தனக்கு லாரி என்றாலே தலைசுற்றும் என்றார். ஆடு வைத்திருந்த ஒருவர், அந்த ஆடு தானாக வந்தது என்றார். தேவசகாயம் ஒவ்வொரு படிவத்திலும் 'பயணம் இல்லை' என்று எழுதச் சொன்னார். ரஹமத்துல்லா அழகான கையெழுத்தில் எழுதினார்.

பதினோரு மணிக்கு மாதையன் மாட்டினார். மேசையைச் சுற்றிப் போகப் பார்த்தவரை ரஹமத்துல்லாவே எழுந்துபோய்த் துண்டைப் பிடித்து இழுத்து வந்தார்.

"நானுங்களா? மத்தூரத் தாண்டுனதே இல்லீங்க," என்றார் மாதையன்.

"யோவ் மாதையா! முந்தாநேத்து மைக்குல என்னய்யா சொன்ன? ஆட்டுக்கு நடுவுல ஆடா நின்னேன்னு சொன்னியே!"

"அது மீட்டிங்கு பாய்," என்றார் மாதையன் பொறுமையாக. "இது பேப்பரு."

ரஹமத்துல்லா கெஞ்சினார். இது வரி இல்லை, போலீஸ் இல்லை, ரயில், ரயில் என்று அல்லாமேல் ஆணையாகச் சொன்னார். மாதையன் யோசித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தேவசகாயத்தின் கைமேல் போட்டார். துண்டுக்குள் தன் கையை விட்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். அடுத்தவருக்குத் தெரியாமல் விரலைப் பிடித்துச் சொல்வது.

தேவசகாயம் திகைத்துப்போனார். "என்னவே இது? விரல நெரிக்காரு!"

"மூணு விரலுங்க. பதில் சொல்லிட்டேன்," என்றார் மாதையன்.

"மூணுன்னா? மாசத்துக்கு மூணா, வாரத்துக்கு மூணா?"

"அத வெளிய சொல்லக் கூடாதுங்க."

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி மாடு பிடிக்கிறார் என்று சந்தையில் செய்தி பரவி, இரண்டு பேர் மாடுகளை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். ஒருவர் தேவசகாயத்திடம் கன்னடத்தில், அந்தத் தரகரை நம்பாதே, என்னிடம் நல்ல ஜோடி இருக்கிறது என்றார். மொழிபெயர்த்ததும் தேவசகாயம் படிவத்தை மூடிக் கல்லை மேலே வைத்தார்.

மதியம் சந்தைப் பிரியாணி. ஆட்டுச் சந்தையில் பிரியாணி புதிதாகத்தான் இருக்கும். தேவசகாயம் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். மனிதர் நல்லவர். வந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைப்பவர்.

"பாய், எனக்கு ஒண்ணும் உங்க ஊரு மேல கோவம் இல்ல. ஆனா நான் பாத்தத எழுதக் கூடாது, அவங்க சொன்னதத்தான் எழுதணும். இப்பம் வரை இந்தச் சந்தைக்கு வந்தவன் ஒருத்தனும் எங்கேயும் போறவன் இல்ல. போன கணக்கெடுப்பு எப்படி அப்படி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது," என்றார்.

"மூணரைக்கு ஒரு பஸ்ஸு வரும் சார்," என்றார் ரஹமத்துல்லா. குரல் தேறியிருந்தது. "ஓசூர் ஷிப்டு பஸ்ஸு. வண்டி கொள்ளாத ஆளு. தினம் போய் வர்றவங்க. வியாபாரி இல்ல, படிச்ச பசங்க. பயப்பட மாட்டாங்க. கோவிந்தசாமிகிட்ட சொல்லி இங்க நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

"அப்படிச் சொல்லுங்க! அதுதான் எனக்கு வேணும். தினப் பயணி அம்பது பேர் இருந்தா அந்தக் கோப்ப யாரும் மூட முடியாது." தேவசகாயம் கையைக் கழுவிவிட்டு வந்தார். "வேல செய்யற கம்பெனி பேரு, கம்பெனியில குடுத்த முகவரி, ரெண்டையும் தப்பில்லாம எழுதிருங்க. பத்துக்கு ஒண்ண எடுத்துக் கம்பெனிக்கே கடுதாசி போட்டுச் சரிபாப்பாங்க. அப்பத்தான் மேல நம்புவாங்க."

ரஹமத்துல்லா பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"கம்பெனிக்கேவா சார்?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார்."

நான் ரஹமத்துல்லாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று மணி. மூன்றேகால். சந்தை கலைய ஆரம்பித்தது. அவர் இரண்டு தடவை எழுந்து சாலை வரைக்கும் போய், கையை உயர்த்தி வண்டியை நிறுத்தாமல் அனுப்பிவிடலாமா என்று யோசிப்பவர்போல நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தார். அது என் ஊகம். காலாற நடந்துவிட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன இடத்தில் நின்றது. பதினோரு வருடத்தில் குழு ஏற்பாடு செய்து சரியாக நடந்த ஒரே காரியம் அதுவாக இருக்க வேண்டும். தொழிலாளர்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். "வீட்டுக்குப் போற நேரத்துல என்னாங்கடா இது?" என்றான் ஓர் இளைஞன். ரயில் கணக்கெடுப்பு என்றதும் முகம் மலர்ந்தது. முன்னால் நின்றவன் மேசையில் இருந்த படிவத்தை ஒருமுறை குனிந்து படித்தான். கம்பெனி பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தான். பின்னால் திரும்பி ஏதோ தெலுங்கில் சொன்னான். அது வரிசை நெடுக ஒரு வாய் ஒரு காதாகக் கடைசி வரைக்கும் போனது. எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"ஊரு?" என்றார் தேவசகாயம்.

"ஓசூர் சார்."

"இப்பம் எங்க போறே?"

"கிருஷ்ணகிரிக்கு. மாமா வீட்டுக்கு."

"தினம் போவியா?"

"தினம் மாமா வீட்டுக்குப் போனா சோறு போடுவாங்களா சார்?"

அடுத்தவனும் ஓசூர். அத்தை வீடு. அதற்கடுத்தவள் ஓசூர். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இருபது பேர் முடிந்ததும் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய், இந்த பஸ்ஸுல இருக்க அத்தன பேரும் ஓசூர்க்காரன். அத்தன பேருக்கும் கிருஷ்ணகிரியில சொந்தக்காரன். என்ன, ஒரே கல்யாணமா?"

ரஹமத்துல்லா அடுத்த படிவத்தை எடுத்து எழுதினார். அவருக்கு அந்த வண்டியில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். நாலு பேர் அவரிடம் தட்டச்சுப் படித்தவர்கள். நெடுநாளைய கோரிக்கையை அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர்கள். அவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்துவிட்டது. தேவசகாயம் எழுந்து ஜீப்புக்குப் பின்னால் போய் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். "மிச்சத்த நீங்களே கேட்டு எழுதிருங்க பாய். நான் கையெழுத்துப் போட்டுருதேன்," என்று அங்கிருந்தே சொன்னார்.

வரிசையில் கடைசியாக ஷகிலா நின்றாள். முகத்தில் காலையில் பூசிய பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மேசைமேல் இருந்த கட்டை ஒருதரம் பார்த்தாள். அன்று காலையிலிருந்து சேர்ந்த படிவங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அவற்றில் ரயில் வேண்டும் என்பதற்குக் காரணமாக ஒன்றும் இல்லை.

"அத்தா, ஒண்ணாச்சும் உருப்படியா இருக்கட்டும். கிருஷ்ணகிரின்னே எழுதுங்க. தினம் போறேன்னு எழுதுங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

ரஹமத்துல்லா புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் நேராக வைத்தார்.

"பேரு சொல்லும்மா," என்றார்.

"என்ன அத்தா?"

"பேரு."

"ஷகிலா."

"வயசு?"

"இருபத்திரெண்டு. அத்தா, நான் சொல்றத..."

"வண்டி நிக்குது பாரு. போய் ஏறிக்கோ. மிச்சம் எனக்குத் தெரியும்."

அவள் கொஞ்சம் நின்றாள். ஓட்டுநர் ஒலி எழுப்பினார். போய் ஏறிக்கொண்டாள். ரஹமத்துல்லா மீதிக் கட்டங்களை நிதானமாக நிரப்பி, மை உலர ஊதி, கட்டின்மேல் வைத்தார். தேவசகாயம் வந்து பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். அவர் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதைப் படித்தேன்.

வசிக்கும் ஊர்: ஓசூர். பயணம் செய்வது எத்தனை முறை: ஆண்டுக்கு ஒரு தடவை, பெருநாளுக்கு. பயணத்தின் நோக்கம்: தகப்பனாரைப் பார்க்க.